முதுமாணிப் பட்டமும் கலாநிதி ஆய்வும்: வன்னி மாணாக்கர் நிலை நோக்கிய ஒரு திறனாய்வு

கல்விக்குக் கரையில்லை என்பது தமிழ் மக்கள் தொன்றுதொட்டுப் போற்றிவரும் கொள்கை. ஆயினும் பட்டங்களுக்குக் கரையுண்டு. ஒரு பட்டம் நிறைவுறும் இடத்திலே மாணாக்கர் சற்று நின்று, வந்த வழியையும் செல்ல வேண்டிய வழியையும் ஒருங்கே நோக்குவர். முதுமாணிப் பட்டத்தை முடித்தோர் கலாநிதி ஆய்விற்குப் புகுமிடம் அத்தகையது. எந்தப் பல்கலைக்கழகம், எந்த ஆசிரியர், எந்தப் பொருள் என்னும் மூன்று வினாக்களும் அங்கே ஒரே வேளையில் எழுகின்றன. இவற்றுள் எதனை முதலில் வைப்பது என்பதைப் பொறுத்தே ஆய்வின் பயன் அமைகின்றது. வன்னிப் பெருநிலப்பரப்பிலிருந்து வரும் மாணாக்கருக்கு இது தனிமனிதர் முன்னேற்றம் பற்றிய வினா மாத்திரமன்று. ஒரு நிலத்தின் வரலாற்றை எழுதப் போவோர் யாவர் என்னும் வினாவும் அதனுள் அடங்கியுள்ளது.

முதற்கண் இவ்விரு பட்டங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டினைத் தெளிதல் வேண்டும். முதுமாணிக் கல்வி பெரும்பாலும் பிறர் கண்டவற்றைச் செவ்வனே கற்று, ஒழுங்குபடுத்தி, மதிப்பிடும் கல்வி. கலாநிதி ஆய்வோ இதுகாறும் விடை காணப்படாத ஒரு வினாவிற்குச் சான்றுகளுடன் விடை காண முயலும் முயற்சி. இலங்கையின் உயர்கல்வித் தகைமைச் சட்டகம் பாடநெறி வழி முதுமாணியை ஒன்பதாம் நிலையிலும், ஆய்வும் கலந்த முதுமாணியைப் பத்தாம் நிலையிலும், முதுதத்துவமாணியைப் பதினோராம் நிலையிலும், கலாநிதியைப் பன்னிரண்டாம் நிலையிலும் வைத்துள்ளது. ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குள்ள தூரம் எண்ணளவில் மூன்றாயினும் பயிற்சியளவில் மிகப் பெரிது. ஆகவேதான் ஆய்வுப் பயிற்சி போதாதவரை முதலில் முதுதத்துவமாணிக்குப் பதிவு செய்து, பணியின் தரம் கண்டபின் கலாநிதி நிலைக்கு உயர்த்தும் வழக்கம் நிலவுகின்றது. இதனைத் தாழ்வாகக் கருதுவோர் உளர். அது பொருந்தாது. நீந்தத் தெரியாதவனை ஆழ்ந்த குளத்தில் இறக்காமல் கரையோரத்தில் இறக்குதல் இழிவாகாது.

வன்னியின் உயர்கல்வி வரலாறு மிகக் குறுகியது. 1991ஆம் ஆண்டில் இப்பெருநிலத்தில் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி அமைந்தது. அக்கல்லூரி 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாயிற்று. 2021ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் வவுனியாப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகின்றன. இவை மகிழ்தற்குரியன. எனினும் வவுனியாப் பல்கலைக்கழகம் பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கை, தொழினுட்பவியற் கற்கை என்னும் மூன்று பீடங்களுடனேயே தொடங்கியது. ஆகவே தமிழையோ வரலாற்றையோ ஆய விரும்பும் வன்னி மாணாக்கர் யாழ்ப்பாணத்திற்கோ பேராதனைக்கோ, அன்றிக் கடல் கடந்தோ செல்லும் நிலையே நீடித்து வந்துள்ளது. செல்லுதல் தவறன்று. சென்றவர் எதனைத் தேடிச் சென்றார் என்பதே ஆராயத்தக்கது.

இதனைத் தெளிதற்கு ஈழத்துத் தமிழறிஞர் சிலர் கலாநிதி ஆய்விற்கு மேற்கொண்ட தெரிவுகளைத் திறனாய்வு நோக்கிற் காண்பது பயன் தரும். பெரியோர் செய்தன யாவும் சரியே எனக் கொள்ளுதல் திறனாய்வாகாது. ஒவ்வொரு தெரிவிலும் பெற்றதும் உண்டு, விட்டதும் உண்டு.

தனிநாயக அடிகள் (1913 - 1980) உரோமாபுரியில் இறையியல் கற்றுத் திரும்பிய பின்னரே தமிழை முறையாகக் கற்கப் புகுந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதுமாணிக் கல்வி பயின்று, பண்டைத் தமிழ்க் கவிதையில் இயற்கை என்னும் பொருளை ஆய்ந்து இலக்கிய முதுமாணிப் பட்டம் பெற்றார். அவ்வாய்வு பின்னர் விரிவுற்று, நிலத்தோற்றமும் கவிதையும் என்னும் பொருள்படும் தலைப்புடன் 1966இல் ஆங்கில நூலாகப் பரவியது. 1950களில் அவர் இலண்டனிற் பெற்ற கலாநிதிப் பட்டமோ பண்டைத் தமிழிலக்கியத்திற் காணப்படும் கல்விச் சிந்தனை பற்றியது. இலங்கைப் பல்கலைக்கழகத்திலே கல்வித்துறையில் விரிவுரையாளராகப் பணியாற்றியமை இப்பொருள் மாற்றத்தோடு இயைபுடையது. இன்று இவ்விரண்டனுள் தமிழாய்வாளர் பெரிதும் எடுத்தாள்வது முன்னையதே. முதுமாணி நிலையில் எழுந்த வினா கலாநிதி நிலையில் எழுந்த வினாவினும் நீண்ட வாழ்வு பெற்றது. பட்டத்தின் உயர்வு வேறு, வினாவின் உயிர்ப்பு வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. முதுமாணி ஆய்வேட்டைக் கடமை முடிந்த ஒன்றாகக் கட்டி வைத்துவிட்டுக் கலாநிதிக்குப் புதுப்பொருள் தேடி அலையும் மாணாக்கர் இதனைச் சிந்தித்தல் நன்று. தாம் முன்னர் எழுதியதனுள்ளேயே விடை பெறாத வினா ஒன்று கிடத்தல் கூடும்.

பேராசிரியர் கைலாசபதியின் தெரிவு வேறொரு வகையினது. சங்க இலக்கியத்தை ஆய விரும்பிய அவர் தமிழ்த்துறை உள்ள இடத்தை நாடவில்லை. பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கிரேக்கப் பேராசிரியராக விளங்கிய ஜோர்ஜ் தொம்சனை நாடினார். பண்டைக் கிரேக்கச் சமுதாயத்தையும் அதன் நாடகத்தையும் கவிதையையும் சமூக அடிப்படையில் விளக்கியவர் தொம்சன். அவர்பால் அமர்ந்து 1966இல் நிறைவு செய்த ஆய்வு, தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய ஆங்கில நூலாக 1968இல் ஒக்ஸ்போர்ட்டில் வெளிவந்தது. சில ஆண்டுகளின் பின் சிவத்தம்பியும் அதே ஆசிரியரை நாடிப் பண்டைத் தமிழ்ச் சமுதாயத்தில் நாடகம் என்னும் பொருளை ஆய்ந்தார். இங்கே தெரிவு செய்யப்பட்டது நிறுவனமன்று, ஒரு நோக்குமுறை. தமிழறியாத ஆசிரியர் ஒருவர் தமிழாய்வை வழிநடத்துதல் இயலுமோ என்ற ஐயத்திற்கு அந்நூல்களே விடையாயின.

எனினும் இத்தெரிவிற்கும் ஒரு விலையுண்டு. வாய்மொழிக் காவியங்களை முன்னிறுத்தி மேனாட்டில் வகுக்கப்பட்ட கோட்பாடு, அகமும் புறமுமாகிய சிறு பாடல்களுக்கு எத்துணை பொருந்தும் என்பது தொடர்ந்து வினவப்பட்டு வந்துள்ளது. பாணரின் வாய்மொழி மரபைப் பின்பற்றி எழுத்தறிந்த புலவர் பாடியவையே அப்பாடல்கள் என்று 1975இல் வெளிவந்த தம் நூலில் ஜோர்ஜ் ஹார்ட் கருத்துரைத்தார். ஆசிரியரைத் தேர்வோர் அவர்தம் அளவுகோலையும் உடன் தேர்கின்றனர். அளவுகோல் அறியாதிருந்ததை அளந்து காட்டும். தன் வடிவத்திற்கு அடங்காததை விட்டுவிடவும் செய்யும். இதனை அறிந்து தேர்தல் வேறு, அறியாது தேர்தல் வேறு.

பேராசிரியர் வித்தியானந்தன் 1950இல் இலண்டனிற் கலாநிதிப் பட்டம் பெற்றது பத்துப்பாட்டை ஆய்ந்து. பழைய நூலொன்றை எடுத்து அதன் வரலாறு, சமூகம், மொழி ஆகியவற்றை விளக்குதல் அக்கால இலண்டன் நெறிக்கு இயைந்த முயற்சி. ஆயின் ஈழத்துத் தமிழ் மக்கள் அவரைப் பெரிதும் நினைவு கூர்வது கூத்தின் பொருட்டு. நாட்டுப்புறத்தில் மங்கிக் கிடந்த கூத்தினைப் பேராதனை மேடைக்குக் கொணர்ந்து, 1962இல் கர்ணன் போர், 1964இல் இராவணேசன் எனத் தொடர்ந்து அரங்கேற்றினார், நாட்டுப்பாடல்களைப் பதிப்பித்தார். அவருடைய கலாநிதி ஆய்வும் பிற்காலப் பணியும் தொடர்பற்றவை போலத் தோன்றும். உற்று நோக்கின் தொடர்பு புலனாகும். பழம்பாடலினூடே மக்கள் வாழ்க்கையைத் தேடப் பழகிய கண், ஊர்க் களரியிலே அதனைக் கண்டுகொண்டது. கலாநிதி ஆய்வு வாழ்நாட் பணியின் பொருளாக வேண்டுமென்ற கட்டாயமில்லை. அப்பணிக்குரிய பார்வையைத் தந்தாற் போதும். ஆயினும் அந்தப் பார்வை ஊருக்குத் திரும்பிய பின்னரே முழுப்பயன் விளைத்தது என்பதையும் மறத்தலாகாது.

இம்மூன்றினும் வன்னியோடு நேரே தொடர்புடையது பேராசிரியர் கா. இந்திரபாலாவின் ஆய்வு. இலங்கையில் திராவிடக் குடியிருப்புகள், யாழ்ப்பாண அரசின் தோற்றம் என்பன பற்றி 1965இல் அவர் இலண்டனுக்கு அளித்த ஆய்வேடு நெடுங்காலம் பலராலும் எடுத்தாளப்பட்டது. அக்காலத்துக் கிடைத்த சான்றுகளைக் கொண்டு, பத்தாம் நூற்றாண்டிற்கு முன் பரந்த நிலையான தமிழ்க் குடியிருப்புகள் இருந்தமைக்கு ஆதாரம் போதாது என்னும் முடிவிற்கு அவர் வந்தார். பின்னர்ச் சான்றுகள் பெருகின. வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்துக் குகைகளிற் பொறிக்கப்பட்டுள்ள பிராகிருத மொழிப் பிராமிச் சாசனங்களில் விசாகன் என்னும் தமிழ் வணிகன் ஒருவன் குறிக்கப்படுகின்றான். பரணவிதான 1970இல் வெளியிட்ட சாசனத் தொகுதியில் அவை இடம்பெற்றுள்ளன. 1980ஆம் ஆண்டின் இறுதியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஆனைக்கோட்டையில் நிகழ்த்திய அகழ்வு பெருங்கற்காலப் பண்பாட்டின் தடயங்களை வெளிக்கொணர்ந்தது. அவ்வகழ்விற்குத் தலைமை தாங்கியவர் இந்திரபாலாவே.

நாற்பது ஆண்டுகளின் பின், 2005இல், இலங்கைத் தமிழரின் இன அடையாள உருவாக்கம் பற்றி அவர் வெளியிட்ட ஆங்கில நூலில் தம் பழைய முடிபுகள் காலங்கடந்தவை என்று கூறி, புதிய சான்றுகளின் வழியே வேறு விளக்கத்தை நிறுவினார். தமிழரும் சிங்களவரும் இத்தீவின் தொன்மைக் குடிகளிலிருந்து மொழியும் பண்பாடும் மாறி உருவானோர் என்பது அவ்விளக்கத்தின் சாரம். தமது ஆய்வேட்டினைத் தாமே திருத்தியமை அவர் புகழைக் குறைத்ததா? ஒருபோதும் இல்லை. கலாநிதிப் பட்டம் வாதத்தை முடித்து வைக்கும் முத்திரையன்று என்பதை அது விளக்கிற்று. பிற்காலத்திலே தன்னைத் திருத்த இடந்தரும் வினாவே நல்ல வினா. திருத்தத்திற்கு இடமில்லாத ஆய்வேடு சிறு பொருளையே பேசியிருத்தல் வேண்டும். அன்றேல் எவரும் அதனைப் படித்திருத்தலாகாது.

இந்நால்வர் தெரிவுகளையும் ஒருங்கு வைத்து நோக்கின் ஒரு முறைமை புலனாகின்றது. முதலில் வினா, அடுத்து அவ்வினாவை வளர்க்கவல்ல ஆசிரியர், அவற்றிற்குப் பின்னரே நிறுவனம். இன்று பலரும் இம்முறையைத் தலைகீழாக்கிக் கொள்கின்றனர். புகழ்பெற்ற நிறுவனத்தை முதலிற் குறித்து, அங்கே இடம் கிடைக்கும் துறையை அடுத்துக் குறித்து, இறுதியாக அத்துறைக்கேற்ற வினாவைப் புனைந்து கொள்கின்றனர். சம்பளப் படிநிலையும் பதவி உயர்வும் அவர்களை அவ்வாறு தூண்டுதல் இயல்பே. வறுமையினின்றும் மேலெழுந்து வந்தவர் பொருளை நோக்குதல் குற்றமாகாது. ஆனாற் புனைந்து கொண்ட வினா பட்டம் கிடைத்த அன்றே உயிர் விடும்.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். மேற்கூறிய அறிஞர் பல்கலைக்கழகப் பதவியும் நூலக வசதியும் வாய்க்கப் பெற்றவர்கள். வன்னி மாணாக்கர்க்கு அவை எங்கே என்று வினவுதல் நியாயமே. 2008இலும் 2009இலும் நிகழ்ந்த இடப்பெயர்வில் வன்னி மக்கள் வீட்டையும் உடைமையையும் ஆவணங்களையும் இழந்தனர். அவருட் பெருந்தொகையானோர் செட்டிகுளத்து மனிக் பாம் முகாம்களில் அடைபட்டிருந்தனர். 2012இலேயே அம்முகாம்கள் முற்றாக மூடப்பட்டன. அக்காலத்திற் பள்ளிப் பிள்ளைகளாயிருந்தோரே பின்னர் முதுமாணிப் படிப்பை முடித்தவர். பாடசாலையில் ஆசிரியப் பணி புரிந்துகொண்டே, வார இறுதியிற் பேருந்தேறி யாழ்ப்பாணம் சென்று முதுமாணி பயில்வோரிடம் இலண்டனைப் பற்றிப் பேசுதல் எளிது. அவர்தம் நிலையிலிருந்து நோக்குதல் அரிது.

ஆயின் இத்தடை மேற்கூறிய முறைமையை மறுப்பதாகாது, வலியுறுத்துவதேயாகும். வசதி குறைந்தோர் தவறான தெரிவிலிருந்து மீளுதல் எளிதன்று. முழுநேர ஆய்விற்கே குறைந்தது மூன்று ஆண்டுகள் வேண்டும். பகுதிநேர ஆய்வு அதனினும் நீளும். தமக்கே பற்றில்லாத வினாவைச் சுமந்து அத்தனை ஆண்டுகள் நடத்தல் யார்க்கும் இயலாது. ஆகவே பதிவு செய்யுமுன் சில செய்திகளைத் தெளிதல் இன்றியமையாதது. வழிகாட்டப் போகும் ஆசிரியர் அண்மையில் எழுதியவற்றைப் படித்திருத்தல் வேண்டும். அவரிடம் முன்னர் ஆய்ந்தோர் பணியை நிறைவு செய்தனரா, இடையில் விட்டனரா என்று விசாரித்தல் வேண்டும். சான்றுகள் எங்குள்ளன, அவற்றை அணுகும் செலவு யாது, ஊதியத்துடன் கூடிய விடுமுறை கிட்டுமா என்பனவும் கணக்கிடப்படல் வேண்டும். இவை சிறு செய்திகள் போலத் தோன்றினும், தொடங்கிய ஆய்வு நிறைவுறுவதும் நின்றுபோவதும் இவற்றைப் பொறுத்தே நிகழ்கின்றன.

மொழி பற்றிய வினா தனியே நோக்கத்தக்கது. மேலே ஆராயப்பட்ட ஆய்வேடுகள் யாவும் ஆங்கிலத்தில் எழுந்தவை. தமிழ்மொழி மூலம் முதுமாணி முடித்த வன்னி மாணாக்கர் ஆங்கிலத்தைக் கண்டு அஞ்சி வினாவைச் சுருக்கிக் கொள்ளுதல் உண்டு. ஆங்கிலம் ஆய்வின் வாயில்களுள் ஒன்று. அதனைக் கற்றல் கடமை. அதேவேளையில் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழுக்கு மீட்டுத் தருதலும் கடமை. யாழ்ப்பாண அரசு பற்றி 1969இல் இலண்டனுக்கு ஆய்வேடு அளித்த பேராசிரியர் சி. பத்மநாதன், அடுத்த ஆண்டே வன்னியர் என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். ஆய்வின் பயனைத் தேர்வாளர்க்கு மட்டும் உரியதாக்காது, அதன் பொருளாயுள்ள மக்களுக்கும் உரியதாக்கிய முறை அது.

இனி வன்னியின் பொருள்களை நோக்கலாம். ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில அதிகாரி 1895இல் வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூலை வெளியிட்டார். சி. எஸ். நவரத்தினம் 1960இல் வன்னியையும் வன்னியரையும் பற்றி ஆங்கில நூலொன்று எழுதினார். இவர்கள் செய்தது பெரும்பணி. ஆயினும் ஆட்சியாளன் நிலத்தைக் காணும் கண் வேறு. அந்நிலத்துக் குளக்கட்டில் நடந்து வளர்ந்தவன் காணும் கண் வேறு. முன்னது வரியையும் எல்லையையும் காணும். பின்னது வான்கதவு திறக்கும் காலத்தையும், வயலுக்கு நீர் பங்கிடும் முறையையும், அதன்மேல் எழும் பிணக்கையும் அறியும். கனகராயன் ஆற்றை மறித்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கட்டப்பட்ட இரணைமடு முதலாக ஊர்தோறும் உள்ள சிறு குளங்கள் வரை, நீராட்சி பற்றிய ஆய்வு பொறியியலுக்கும் உரியது, வரலாற்றுக்கும் உரியது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலும், கடல்நீரில் விளக்கெரிக்கும் வழக்கும், முள்ளியவளைக் கோவலன் கூத்தும் சிலப்பதிகாரக் கதை மக்களிடையே எவ்வாறு வழிபாடாக மாறி வாழ்கின்றது என்பதற்குச் சான்றுகள். இவற்றை நினைவில் வைத்துள்ள முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். ஏடுகளும் பதிவுகளும் போரில் அழிந்த நிலத்திலே மனிதர் நினைவே ஆவணக் காப்பகம். அக்காப்பகம் எவருக்காகவும் காத்திராது.

இதனால் வன்னியிற் பிறந்தோர் வன்னியையே ஆய வேண்டும் என்று விதித்தல் பொருந்துமோ எனின், பொருந்தாது. கணிதத்தில் வினா கொண்டவர் கணிதத்தைத் தொடர்க. வானியலிற் பற்றுடையோர் வானத்தை நோக்குக. ஒருவர் பிறந்த மண்ணை அவர்தம் அறிவிற்கு வேலியாக்குதல், அம்மண்ணுக்குச் செய்யும் தீங்காகும். கூறவேண்டுவது இதுவே: தம் ஊரைப் பற்றிய வினாவைச் சிறிதென்று எண்ணி, பிறர் மதிக்கும் வினாவைக் கடன் வாங்குதல் வேண்டா. கிராமக் குகையொன்றிற் பொறித்த சில எழுத்துக்கள் ஒரு நாட்டு வரலாற்றின் விளக்கத்தையே மாற்ற உதவின. பெரிய பொருள், சிறிய பொருள் என்னும் பாகுபாடு இடத்தைப் பொறுத்ததன்று. வினவுவோரின் ஆழத்தைப் பொறுத்தது.

முதுமாணிப் பட்டமளிப்பு முடிந்து, அணிந்த மேலங்கியைக் கழற்றி வைக்கும் வேளையில் மாணாக்கர் தம்மையே ஒரு வினா வினவுதல் வேண்டும். பட்டம் என ஒன்று இல்லாதொழியினும் இந்த வினாவிற்கு விடை தேடுவேனா என்பதே அது. தேடுவேன் என்று நெஞ்சம் விடை பகருமாயின் ஆசிரியரைத் தேடிப் புறப்படலாம். அவர் பேராதனையில் இருப்பினும் பேர்மிங்காமில் இருப்பினும் வழி தூரமாகாது. நெஞ்சம் தயங்குமாயின் சிறிது காலம் பொறுத்துப் படித்தலும், ஊர் முதியோரிடம் அமர்ந்து கேட்டலும் நன்று. அவ்வாறு காத்திருத்தல் காலத்தை வீணாக்குதலாகாது. விதைப்புக்கு முன் மழையை நோக்கியிருக்கும் வன்னி உழவர்க்கு இவ்வுண்மை புதிதன்று.